வருத்தம் வந்து கையில் காசில்லாத நேரத்தில் இலவச சட்ட உதவி எடுப்பது எப்படி

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம்தான். ஆனாலும் இலங்கையின் மலையகத் தோட்டத்தில், லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) ஒருவருக்குக் கிட்னி வருத்தமோ கேன்சரோ வந்துவிட்டால் கொஞ்ச மாதத்திலேயே அந்தக் குடும்பம் கடனுக்குள் போய்விடுகிறது. தோட்டத்திலிருந்து கண்டிக்கோ மஹரகமவுக்கோ போக வேன் கூலி, வெளியில் எடுக்கச் சொல்லும் டெஸ்ட், ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை பார்மசியில் வாங்குவது, துணைக்குப் போகிறவருக்கும் அன்றைக்குப் பேர் (அன்றைய வேலைப் பதிவு, சம்பளம்) இல்லை. முதலில் தோடு அடகுக்குப் போகும், அப்புறம் குழுக் கடன், அதற்குப் பிறகு வங்கிக் கணக்கு இலக்கத்தோடு பேஸ்புக்கில் ஒரு படம்.

உதவி கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அப்படிப் படம் போடும் குடும்பங்களில் பலருக்குச் சட்டப்படி வரவேண்டிய காசு எங்கோ ஓரிடத்தில் கிடக்கிறது: கட்டப்படாத ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), வேலையை விடும்போது கொடுக்காமல் விட்ட சேவைக்காலப் பணம், கேட்காமல் விட்ட விபத்து நட்டஈடு, பிரதேச செயலகத்தில் கிடப்பில் இருக்கும் விண்ணப்பம். அதைக் கேட்டு வாங்க சட்டத்தரணிக்கு ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டும் என்று நினைத்துத்தான் நம் ஆட்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். கட்டத் தேவையில்லை. பல விஷயங்களுக்கு வழக்கே தேவைப்படாது, சரியான இடத்துக்கு எழுதும் ஒரு கடிதம் போதும். யாரிடம் போவது, எதைக் கொண்டு போவது, என்ன கேட்பது என்பதை எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

முதலில் எங்கே போவது

சட்ட உதவி ஆணைக்குழு. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான அரச நிறுவனம் இது, வசதியில்லாதவர்களுக்குக் காசு வாங்காமல் ஆலோசனை சொல்வதும் கடிதம் எழுதுவதும் நீதிமன்றத்தில் ஆஜராவதும்தான் இதன் வேலை. தலைமை அலுவலகம் கொழும்பு அளுத்கடையில் இருந்தாலும் நீங்கள் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. மாவட்டங்கள் தோறும் நிலையங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் நீதிமன்றக் கட்டிடத்திலேயே அல்லது அதற்குப் பக்கத்தில். நுவரெலியா, கண்டி, பதுளை என்று உங்களுக்குக் கிட்டிய நீதிமன்றத்துக்குப் போய் உள்ளே இருக்கும் உத்தியோகத்தர் ஒருவரிடம் "சட்ட உதவி நிலையம் எது" என்று கேளுங்கள். வாசலில் நிற்கிற ஆட்களிடம் கேட்காதீர்கள். "வாங்க, நான் ஐயாகிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லித் தனியார் சட்டத்தரணியிடம் கொண்டுபோய் விடும் தரகர்கள் எல்லா ஊர் நீதிமன்ற வாசலிலும் உண்டு.

ஆலோசனை கேட்க யாரும் போகலாம். உங்களுக்காக வழக்குப் பேச வேண்டுமென்றால் இரண்டு விஷயம் பார்ப்பார்கள்: உங்கள் வருமானம் அவர்கள் வைத்திருக்கும் எல்லைக்குள் இருக்கிறதா, உங்கள் கோரிக்கையில் நியாயம் இருக்கிறதா. வருமானத்துக்கு கிராம உத்தியோகத்தரின் கடிதம் வேண்டும். அதில் "நோய் காரணமாக இத்தனையாம் மாதத்திலிருந்து வேலைக்குப் போகவில்லை" என்ற வரியையும் சேர்த்து எழுதித் தரும்படி கேளுங்கள். பழைய சம்பளத் துண்டை மட்டும் பார்த்து "வருமானம் இருக்கிறதே" என்று சொல்லிவிடாமல் இருக்க அந்த ஒரு வரி உதவும்.

அடுத்தது லேபர் ஆபீஸ், அதாவது தொழில் திணைக்களத்தின் பிரதேச அலுவலகம். ஹட்டன், நுவரெலியா, கண்டி, பதுளை ஊர்களில் இருக்கிறது. ஈ.பி.எஃப்., சேவைக்காலப் பணம், சம்பள நிலுவை எதுவாக இருந்தாலும் இங்கே முறைப்பாடு கொடுப்பது இலவசம், அதிலும் முக்கியமாக, முதலாளி கட்டாமல் இருந்தால் அவர் மேல் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது திணைக்களம்தான், உங்கள் கையிலிருந்து சட்டத்தரணிக்கு ஒரு சதம் போகாது. இது நம் ஆட்களில் பலருக்குத் தெரிவதில்லை.

தொழிற்சங்கத்தையும் மறக்க வேண்டாம். மாதா மாதம் சம்பளத்தில் சந்தா வெட்டுகிறார்கள் இல்லையா, அந்தக் காசுக்கு நீங்கள் கேட்க உரிமையுள்ள வேலைகளில் இதுவும் ஒன்று. பெரிய சங்கங்களில் தொழில் வழக்குகளைப் பார்க்கவென்றே ஆட்கள் இருக்கிறார்கள். தோட்டத் தலைவர் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இழுத்தால் நேரே மாவட்டக் காரியாலயத்துக்குப் போங்கள், எழுத்தில் கொடுங்கள்.

காகிதம்தான் பாதி வழக்கு

ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்து அதில் இவற்றைப் போடுங்கள். நோயாளியின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட், ஈ.பி.எஃப். பி கார்ட் (அங்கத்தவர் அட்டை), கையில் இருக்கிற சம்பளத் துண்டுகள் எல்லாம், மருந்துக் கடை பில்லு, வேன்காரர் எழுதித் தந்த துண்டு, கடன் புத்தகம். எதையும் "இது தேவைப்படாது" என்று நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள், பிரதி மட்டும் கொடுங்கள். பார்மசி பில்லு கொஞ்ச நாளில் மங்கிப்போகும், எழுத்தே இருக்காது, அதனால் வாங்கிய அன்றைக்கே போனில் படம் பிடித்து வைப்பது நல்லது.

நம் பக்கத்தில் அதிகம் மாட்டிக்கொள்கிற இடம் பெயர். பிறப்புச் சான்றிதழில் முத்துலெட்சுமி, அடையாள அட்டையில் முத்துலட்சுமி, செக்ரோலில் (தோட்டத்தின் வேலை, சம்பளப் பதிவேட்டில்) வெறும் லெட்சுமி, பி கார்ட்டில் அப்பா பெயரின் முதலெழுத்து வேறு. லயத்தில் எல்லோருக்கும் தெரியும் மூன்றும் ஒரே ஆள் என்று, ஆனால் கொழும்பில் கோப்பைப் பார்க்கிறவருக்கு அது மூன்று பேர். கேன்சருக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் ஈ.பி.எஃப். காசு ஓர் எழுத்துக்காக மாதக்கணக்கில் நிற்பது எவ்வளவு பெரிய கொடுமை! இதற்கு வழி: மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சொல்லும் சத்தியக் கடதாசி ஒன்றைச் சமாதான நீதவான் முன்னால் கையெழுத்திட்டு எடுப்பது, அதோடு கிராம உத்தியோகத்தரின் உறுதிக் கடிதமும் தோட்ட ஆபீஸ் கடிதமும். சத்தியக் கடதாசியைச் சரியான வாசகத்தோடு எழுதித் தரச் சொல்லிச் சட்ட உதவி நிலையத்திலேயே கேட்கலாம். சிலருக்கு இது போதாது, பதிவையே திருத்த வேண்டிவரும், அதற்கும் வழி சொல்வார்கள். முடிந்தால் சுகமாக இருக்கும்போதே இந்த வேலையை முடித்து வைத்துவிடுங்கள்.

பிறப்புப் பதிவே இல்லாதவர்கள் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மண்சரிவில் வீட்டோடு காகிதங்களையும் இழந்தவர்கள் பொலிஸில் முறைப்பாடு போட்டு அதன் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுங்கள், அடையாள அட்டையிலிருந்து தொடங்கினால் மற்றது சுலபம்.

குளவி கொட்டினாலும் வேலைத்தள விபத்துதான்

மலையில் கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டியது, சிறுத்தை பாய்ந்தது, ஈரக் கானில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தது, பக்டரியில் ரோலரில் கை மாட்டியது. இதெல்லாம் "நேரம் சரியில்லை" என்று விட்டுவிடுகிற விஷயங்கள் இல்லை. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலை காரணமாக, வேலை நேரத்தில் ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2022இல் அதைத் திருத்தி, கூடிய தொகையை 550,000 ரூபாயிலிருந்து 2,000,000 ரூபாயாக்கினார்கள், வேலைக்குப் போகும் வரும் வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். முதலாளியின் பிழையா என்று நிரூபிக்க வேண்டிய பாரம் இதில் உங்கள் தலையில் இல்லை. வேலையில் நடந்தது என்று காட்டினால் போதும்.

அப்படிக் காட்டுவதற்கு விபத்து நடந்த அன்றைக்குச் செய்கிற வேலைதான் முக்கியம். முதலில் ஆளைக் காப்பாற்றுங்கள், 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்குக் காசில்லை. டொக்டர் "என்ன நடந்தது" என்று கேட்கும்போது "குளவி கொட்டியது" என்பதோடு நிறுத்தாமல் "தோட்டத்தில் வேலை செய்யும்போது, இன்ன நம்பர் மலையில், காலை இத்தனை மணிக்கு" என்று சொல்லுங்கள். அவர் எழுதுகிற அந்த ஒரு வரி பிறகு சாட்சியாகும். கூட வேலை செய்த இரண்டு மூன்று பேரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், அன்றைக்கு எந்தக் கங்காணி, எந்தக் கணக்கப்பிள்ளை என்பதையும். தோட்ட டிஸ்பென்சரியின் புத்தகத்தில் பதிந்தார்களா, ஆபீஸில் விபத்தைப் பதிந்தார்களா என்று அடுத்த நாளே வீட்டில் ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். அன்றைய பேர் செக்ரோலில் போடப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள், ஏனென்றால் ஆளே அன்றைக்கு வேலைக்கு வரவில்லை என்று பின்னால் சொல்ல இடம் வைக்கக் கூடாது.

தோட்ட ஆபீஸில் கூப்பிட்டு ஒரு தொகையைக் கையில் கொடுத்து "இதோடு எல்லாம் முடிந்தது" என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். கோபப்படவும் வேண்டாம். "சட்ட உதவியில் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லி ஒரு பிரதி கேளுங்கள். மருந்துச் செலவுக்கென்று தருவதை வாங்கலாம், ஆனால் எதற்கு வாங்கினீர்கள் என்பது தாளில் தெளிவாக இருக்கட்டும். கோரிக்கை போகவேண்டியது வேலையாள் நட்டஈட்டு ஆணையாளருக்கு. விண்ணப்பம் நிரப்பச் சட்ட உதவி நிலையமோ சங்கமோ உதவும். கோருவதற்குக் காலவரம்பு உண்டு, அதனால் காயம் ஆறட்டும் என்று வருடக்கணக்கில் காத்திருக்காதீர்கள். ஆள் இறந்துபோயிருந்தால் அவரை நம்பி வாழ்ந்த குடும்பம் கோரலாம்.

இப்போது பல தோட்டங்களில் நிரந்தரப் பெயர் இல்லாமல் கைக்காசுக்கும் கொந்தரப்புக்கும் (ஒப்பந்தத்துக்கும்) வேலை செய்கிறவர்கள் கூடிவிட்டார்கள், துண்டு துண்டாக மலையைப் பிரித்துக் கொடுத்துக் கிலோவுக்குக் காசு தரும் முறையும் வந்திருக்கிறது. "நீங்கள் எங்கள் தொழிலாளியே இல்லை" என்று சொல்வது அங்கேதான் சுலபம். அவர்கள் சொல்வதாலேயே அது உண்மையாகிவிடாது. யார் வேலை சொன்னார், கொழுந்து யாருக்குப் போனது, காசு யார் கையிலிருந்து வந்தது என்பதெல்லாம் பார்க்கப்படும், சட்டத்தரணியிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

உங்கள் சொந்தக் காசு

ஈ.பி.எஃப். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி போடுவது 12 வீதம். ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) முழுக்க முதலாளியே போடுவது, 3 வீதம். இந்த மூன்றும் கொழும்பில் கடை வேலைக்குப் போன பிள்ளைக்கும் பொருந்தும், அங்கே வேலையை விட்டுவிட்டு வருத்தத்தோடு ஊருக்கு வந்தவர்கள் பலர் அதைக் கேட்பதே இல்லை.

பொதுவாக ஈ.பி.எஃப். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில்தான் கைக்கு வரும். ஆனால் இனி வேலையே செய்ய முடியாது என்று வைத்தியச் சான்றிதழ் இருந்தால், அந்த வயதுக்கு முன்னமே முழுவதையும் எடுக்கலாம். வேலையில் இருந்துகொண்டே வைத்தியச் செலவுக்கு எடுக்கிற வழியும் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்தது: 10 வருடம் கட்டியிருக்க வேண்டும், கணக்கில் குறைந்தது 300,000 ரூபாய் இருக்க வேண்டும், அப்படியென்றால் 30 வீதம்வரை, கூடியது 2,000,000 ரூபாய். எந்தெந்த வைத்தியத்துக்கு என்று விதி இருக்கிறது, லேபர் ஆபீஸில் கிளினிக் கொப்பியைக் காட்டிக் கேளுங்கள். அதிக வட்டிக்குக் குழுக் கடன் எடுக்கும் முன்னால் இதைக் கேட்டுப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

ஈ.டி.எஃப். பற்றி இன்னும் குறைவாகத்தான் பேசுகிறோம். இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணுக்கு லென்ஸ் வைப்பது, நிரந்தர ஊனம் ஆகியவற்றுக்கு அதில் உதவித் திட்டங்கள் உண்டு. தொடர்ந்து காசு கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் அங்கத்தவராக இருக்க வேண்டும், அதனால் செக்ரோலிலிருந்து பெயரை வெட்டுவதற்கு முன்னால் விண்ணப்பியுங்கள். "வருத்தக்காரி, பேரை வெட்டிக்கோங்க, காசு வரும்" என்று யாராவது அவசரப்படுத்தினால் கொஞ்சம் பொறுத்து, முதலில் எது எது போய்விடும் என்று விசாரியுங்கள்.

சேவைக்காலப் பணம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தில் வருகிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்திருந்தால், வேலையை விட்டு 30 நாளுக்குள் தர வேண்டும். நோயால் விட்டாலும் சரி, இறந்துபோனாலும் சரி. நாட்சம்பளக்காரருக்கு ஒரு வருடத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 14 நாள் கணக்கு. கடைசி நாட்சம்பளம் 1,350 ரூபாய், சேவை 20 வருடம் என்று வையுங்கள்: 1,350ஐ 14ஆல் பெருக்கினால் 18,900, அதை 20ஆல் பெருக்கினால் 378,000 ரூபாய். இதைத் துண்டு துண்டாகத் தருகிறோம் என்று வருடக்கணக்கில் இழுக்கிற தோட்டங்கள் இருக்கின்றன. தாமதித்தால் மேலதிகத் தொகை சேர்த்துக் கட்ட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது, எனவே லேபர் ஆபீஸ் முறைப்பாட்டில் அதையும் கேளுங்கள்.

கடிதத்துக்குப் பெரிய வசனம் ஒன்றும் வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"நான் மேற்படி தோட்டத்தில் இன்ன வருடத்திலிருந்து இன்ன வருடம்வரை வேலை செய்தேன். எனது செக்ரோல் இலக்கம் இது, ஈ.பி.எஃப். இலக்கம் இது. சிறுநீரக நோய் காரணமாக இன்ன திகதியில் வேலையை விட்டேன். எனது சேவைக்காலப் பணம் இன்றுவரை கிடைக்கவில்லை. இன்ன மாதங்களுக்கு ஈ.பி.எஃப். கட்டப்படவில்லை என்பது மத்திய வங்கியின் கணக்குக் கூற்றில் தெரிகிறது. நான் கிழமைக்கு இரண்டு முறை இரத்தம் சுத்திகரிக்கச் செல்வதால் இதை அவசரமாகக் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிலைத் தமிழில் அனுப்பவும்."

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் திகதியோடு முத்திரை குத்தி வாங்குங்கள், முடியாவிட்டால் பதிவுத் தபாலில் போட்டுத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

நோயைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களா? அது வேறு விஷயம், தொழில் நியாய சபைக்குப் போக வேண்டும், அதுவும் நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள். அங்கே சட்டத்தரணி இல்லாமலும் பேசலாம், சங்கப் பிரதிநிதி உங்களுக்காக நிற்கலாம்.

கடன்காரர் வாசலில் நிற்கும்போது

கடன் வாங்கினால் கட்ட வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் வருத்தக்காரர் படுத்திருக்கும் வீட்டு வாசலில் நின்று லயமே கேட்கும்படி கத்துவதற்கும், தொலைக்காட்சிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதற்கும், அடையாள அட்டையையோ வங்கி அட்டையையோ பிடித்து வைப்பதற்கும் அறவிட வரும் ஆளுக்கு உரிமை கிடையாது. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் வீட்டுச் சாமானைத் தூக்கினால் பொலிஸில் முறைப்பாடு போடலாம். "பொலிஸில் பிடித்துக் கொடுப்பேன்" என்ற மிரட்டலுக்கும் பயப்பட வேண்டாம், தவணை கட்டத் தவறியதற்காகப் பொலிஸ் வந்து கைது செய்வதில்லை. குழுவில் மற்றப் பெண்களை வைத்து உங்களை நெருக்குவார்கள், அவர்களும் பிணை நின்றவர்கள், அவர்களுக்கும் கஷ்டம்தான், அதனால் சண்டை பிடிக்காமல் அவர்களையும் கூட்டிக்கொண்டே ஆலோசனைக்குப் போங்கள்.

கடன் தந்த கம்பனிக்கு முதலில் ஒரு கடிதம்: நோய் விவரம், டயக்னோசிஸ் கார்ட் பிரதி, இப்போது மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்ற தொகை. கட்ட முடியாத தொகையை வெட்கத்தில் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கியோ நிதிக் கம்பனியோ என்றால், பதில் சரியில்லாதபோது மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935 என்ற போன் இலக்கத்தில் முறையிடலாம். கடைக்காரரிடமோ கந்துவட்டிக்காரரிடமோ வாங்கியதாக இருந்தால் அது 1918ஆம் ஆண்டுக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின் கீழ் பார்க்கிற விஷயம், வட்டி அநியாயமாக இருந்தால் அந்தக் கணக்கையே திறந்து பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

சிறிய தொகைத் தகராறு பெரும்பாலும் மத்தியஸ்த சபைக்குத்தான் முதலில் வரும். சனி ஞாயிறில் பள்ளிக்கூடத்திலோ விகாரையிலோ கூடுவார்கள், சட்டத்தரணிகள் அங்கே பேச முடியாது, நீங்களே பேச வேண்டும். பயம் வேண்டாம், அங்கே இருப்பது நீதவான் இல்லை. மருந்துச் செலவுக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போய்த் தவணை கேளுங்கள். கையெழுத்திடும் முன்னால் தாளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழில் சொல்லும்வரை கையெழுத்து வேண்டாம்.

நீதிமன்றத்திலிருந்து அழைப்பாணை வந்தால் மட்டும் ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள். பலர் கிளினிக் நாள் என்று போகாமல் விட்டுவிடுகிறார்கள், அல்லது சிங்களத்தில் இருக்கிறது என்று சாமித்தட்டில் வைத்துவிடுகிறார்கள், பிறகு ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும். அப்படி வந்தாலும், தீர்ப்பைக் கையில் தந்த நாளிலிருந்து 14 நாளுக்குள், வராததற்கு நியாயமான காரணம் காட்டி அதை நீக்கக் கேட்கலாம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தது நியாயமான காரணம்தான், அதற்கு டயக்னோசிஸ் கார்ட் சாட்சி.

குடும்பத்துக்குள்

இதை எழுதவே சங்கடமாக இருக்கிறது, ஆனால் நடக்கிறது. மனைவிக்கு மார்புப் புற்று என்றதும் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போகிற கணவர்கள் இருக்கிறார்கள். 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் செலவு கேட்டு நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம், கணவரும் மனைவியிடம் கேட்கலாம். ஊனமுற்ற பிள்ளைக்கு வயது பார்க்கப்படுவதில்லை. கட்டளை வந்த பிறகும் கட்டாவிட்டால் சம்பளத்திலிருந்தே கழிக்கச் செய்யலாம். சட்ட உதவி ஆணைக்குழு அதிகம் பார்க்கும் வழக்குகளில் இது ஒன்று, அதனால் தயங்காமல் கேளுங்கள்.

கொழும்பில் நல்லபடியாக இருக்கும் பிள்ளைகள் திரும்பிப் பார்க்காத வயதான அம்மா அப்பாவுக்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின் கீழ் பராமரிப்புச் சபை இருக்கிறது. பிரதேச செயலகத்தில் முதியோருக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டியவை

ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு முன்பெல்லாம் கொழும்புக்கே போக வேண்டும். 2025 பெப்ரவரியிலிருந்து எல்லாப் பிரதேச செயலகங்களிலும் விண்ணப்பிக்கலாம். சத்திரசிகிச்சைக்கு முன்னமே, வைத்தியர் தரும் மதிப்பீட்டோடு விசாரியுங்கள். அஸ்வெசும என்ற அரச நலன்புரித் திட்டத்தின் வழியாகச் சிறுநீரக நோயாளிக்கும் ஊனமுற்றவருக்கும் மாதக் கொடுப்பனவு இருக்கிறது, 2025இல் அது 10,000 ரூபாயானது. காசநோய், புற்றுநோய் போன்றவற்றுக்கு மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் உதவியையும் அங்கேயே கேட்கலாம்.

இதில் சட்டம் எங்கே வருகிறது என்றால், மறுக்கும்போது. "உங்க பேரு வரலை" என்று வாயால் சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம்: "எனது விண்ணப்பம் எந்தக் காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டது, எத்தனை புள்ளி தரப்பட்டது". தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க முடியாது. கேட்டவுடனேயே கிடப்பில் கிடந்த கோப்பு நகர்வதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். தோட்டக்காரர் என்பதற்காக, தமிழர் என்பதற்காக ஒதுக்கினார்கள் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற போன் இலக்கத்தில் சொல்லுங்கள், அதை ஒரு மாதத்துக்குள் செய்யுங்கள், ஏனென்றால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குக்கும் காலம் ஒரு மாதம்தான்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். நுவரெலியா மாவட்டத்திலும் பதுளை மாவட்டத்தின் பல பிரிவுகளிலும் பிரதேச செயலகங்கள் இருமொழிப் பிரிவுகள். தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம், படிவம் தமிழில் கேட்கலாம். தரவில்லையென்றால் முறையிட 1956 என்ற போன் இலக்கம் இருக்கிறது. கையெழுத்துப் போடும் எந்தத் தாளுக்கும் இது பொருந்தும்.

வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய் நோயாளியாகத் திரும்பியவர்கள், போகும்போது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்திருந்தால் காப்புறுதி இருக்கும். 1989க்கு அடித்துக் கேளுங்கள், கடவுச்சீட்டையும் அங்கே தந்த வைத்தியத் தாள்களையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

சட்ட உதவி நிலையத்திலேயே "உங்களுக்குத் தர முடியாது" என்று சொல்லிவிட்டால் ஏன் என்று கேளுங்கள். வருமானம் கூட என்றால், இப்போதைய நிலைமையைக் காட்டும் புதிய கிராம உத்தியோகத்தர் கடிதத்தோடு திரும்பப் போகலாம். காகிதம் போதாது என்றால் எந்தக் காகிதம் என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வழக்கில் பலமில்லை என்றால், வழக்கில்லாமல் வேறு எந்த அலுவலகத்துக்கு எழுதலாம் என்று அந்த இடத்திலேயே கேட்டுவிட்டு வாருங்கள். நோயாளியால் வர முடியாவிட்டால் வீட்டில் ஒருவர் அவருடைய கையெழுத்திட்ட கடிதத்தோடும் அடையாள அட்டைப் பிரதியோடும் போகலாம், போகும் முன்னால் சட்டத்தரணி எந்த நாளில் இருப்பார் என்று போனில் கேட்டுக்கொண்டு போனால் பஸ் காசு மிஞ்சும்.